தம் நூலைத் தாமே அச்சிட்டவர்கள்: செங்கை மண்ணின் கதையாசிரியர் மரபு

தமிழில் புதினமும் சிறுகதையும் வளர்ந்த வரலாற்றை எழுதுவோர், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகிய மூன்றையும் தவறாமல் குறிப்பர். அந்நூல் யார் பணத்தில் அச்சேறிற்று, தாள்கடைக் கடனை யார் அடைத்தார், விலைபோகாத படிகள் எந்த வீட்டுப் பரணில் கிடந்தன என்பவற்றை அவர்கள் குறிப்பதில்லை. கதை எழுத முனைந்தவர் பலருடைய வாழ்நாளில் பாதி இவற்றிலேயே கழிந்திருக்கிறது. சில இரவுகளில் எழுதி முடித்ததை அச்சில் காண ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் பலர்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் இவ்வேளையில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினருள் நூல் வெளியிட்டோர் பெரும்பாலோர் தம் கைப்பணத்தைக் கொண்டே வெளியிட்டிருக்கின்றனர். பதிப்பகம் கிடைக்காதவர் செய்யும் வேலை என்று இதனை இழித்துரைப்பார் உளர். அவ்வுரை வரலாற்றுக்குப் பொருந்தாது. நாம் வாழும் செங்கை மண்ணோடு தொடர்புடைய கதையாசிரியருள் தலையாய சிலர், தம் எழுத்தைத் தாமே அச்சிட்டவர்கள். தாமே இதழ் நடத்தி அதில் தம் கதைகளை வெளியிட்டவர்கள். அதனால் அவர்கள் பெற்ற உரிமை எது, அதற்குக் கொடுத்த விலை எது, அவர்களுக்குப் பின் அந்நூல்கள் என்னவாயின என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். செங்கை மாவட்டம் என்று இங்குக் குறிப்பது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை. காஞ்சிபுரமும் பல்லாவரமும் தாம்பரமும் மாமல்லபுரமும் அதனுள் அடங்கியிருந்தன. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லைகள் மாறினும் இவ்வூர்களின் இலக்கிய உறவு ஒன்றே.

அச்சுக்கூடமும் ஆசிரியரும்

நம் நாட்டார் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. அதன்பின் சென்னையிலும் பிற ஊர்களிலும் அச்சுக்கூடங்கள் பெருகின. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழ்ப் புதினத்தின் தொடக்கமாக அதனைக் கொள்கிறோம். அவர் முன்சீபாக இருந்தவர். அக்காலத்தில் கதை எழுதுதல் எவருக்கும் பிழைப்பாக இருந்ததில்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அறிஞர்களே, முன்பணம் தரும் கையொப்பக்காரர்களைத் தேடி ஊர்தோறும் சென்றனர். ஏட்டில் இருந்த காப்பியங்களுக்கே அந்நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவர் புதிதாய் எழுதிய கதைக்கு யார் முன்பணம் தருவர்?

ஆகவே கதையாசிரியர் தாமே அச்சகத்தின் படியேறினார். பாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, தாளைத் தாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். ஈய எழுத்துகள் சிறிய அச்சகங்களில் போதிய அளவு இரா. ஒரு பாரம் அச்சாகி, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்ட பிறகே அடுத்த பாரம் கோக்கப்படும். ஒவ்வொரு பாரத்துக்கும் மெய்ப்புத் திருத்த ஆசிரியர் போய் நிற்க வேண்டும். நடுவில் பணம் தீர்ந்தால் அச்சான பாரங்கள் மடிக்கப்படாமல் மூலையில் கிடக்கும். கட்டுக்கூலியும் கொடுத்து நூலை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர்தான் விற்பனை என்னும் பெருந்தொல்லை தொடங்கும்.

இத்தொல்லையை அளந்து பார்த்துத் திட்டமிட்டவருள் பாரதியாரும் ஒருவர். 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு எழுதிய சுற்றுக்கடிதத்தில், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடக் கடனுதவி வேண்டினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் விலையாகும் என்று அவர் நம்பினார். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அத்திட்டம் நிறைவேறவில்லை. அவர் எழுதத் தொடங்கிய 'சந்திரிகையின் கதை'யும் முற்றுப்பெறவில்லை. கவிஞராகிய நாம் பாரதியின் பாடல்களைப் பாடும் அளவுக்கு அவருடைய இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

பல்லாவரத்து அச்சகம்

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த வேதாசலம் அப்பணியை விட்டு 1911இல் பல்லாவரத்தில் குடியேறினார். மறைமலையடிகள் என்னும் பெயரால் நாம் அறிந்த அப்பெரியாரை ஆராய்ச்சியாளராகவும் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகவும் போற்றுகிறோம். அவர் கதையாசிரியருமாவார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவிய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' 1911இலும், கடித வடிவில் அமைந்த 'கோகிலாம்பாள் கடிதங்கள்' 1921இலும் வெளிவந்தன.

அடிகள் 1902 முதல் 'ஞானசாகரம்' என்னும் இதழை நடத்தினார். பின்னர் அதுவே 'அறிவுக்கடல்' ஆயிற்று. பல்லாவரத்தில் தமக்கென ஓர் அச்சகமும் அமைத்துக்கொண்டார். அச்சகம் தம்முடையதாக இருந்ததன் பயனை அவருடைய மறுபதிப்புகளில் காணலாம். 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட பின், தாம் முன்பு எழுதியவற்றையும் மறுபதிப்பில் வடசொல் நீக்கித் திருத்தினார். விற்றுக்கொண்டிருக்கும் நூலைச் சொல்சொல்லாகப் பிரித்து மீண்டும் எழுத்துக் கோக்க எந்த வணிகப் பதிப்பாளர் இசைவார்? ஒரு கொள்கைக்காகத் தம் நூலையே மீண்டும் எழுதும் உரிமையை அவருக்கு அவருடைய அச்சகம் தந்தது.

1950இல் அடிகள் மறைந்தார். அவர் தொகுத்த அரிய நூல்கள் சிதறிப் போகாமல், 1958இல் சென்னையில் திறக்கப்பட்ட மறைமலையடிகள் நூல்நிலையத்திற்கு வந்து சேர்ந்தன. அவருடைய நூல்களை மீண்டும் மீண்டும் பதிப்பிக்கத் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இருந்தது. இவ்விரண்டையும் நினைவில் கொள்க. இவை வாய்க்காத ஒருவரின் கதையை அடுத்துக் காண்போம்.

நீர்வளூர் தந்த நாவலாசிரியை

காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூரில் 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தவர் கோதைநாயகி. ஆறு வயதுக்குள் மணம் முடிந்து, வை.மு. குடும்பத்தின் மருமகளாகச் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வந்தார். பள்ளிப்படிப்பு இல்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவதில் தேர்ந்திருந்தார்; கணவர் பார்த்தசாரதி அழைத்துச்சென்ற நாடகங்கள் அவர் கற்பனையை வளர்த்தன. முதல் படைப்பாகிய 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். எழுதக் கைவராத நிலையிலும் ஆசிரியராகத் துணிந்த அம்மையார், பின்னர் அத்தோழியிடமே எழுதப் பழகிக்கொண்டார்.

1925இல் 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழை அவர் ஏற்றார். நின்றுபோயிருந்த அவ்விதழ் அவருடைய 'வைதேகி' முதலிய நாவல்களால் உயிர்பெற்றது. அப்போது அவருக்கு வயது 24. ஒரு பெண் கதை எழுதுவதே பழிக்கு இடமான காலத்தில், இதழின் ஆசிரியரும் உரிமையாளரும் அதன் முதன்மைக் கதையாசிரியரும் அவரே. 1932இல் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையும் இதழை நிறுத்திவிடவில்லை. அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். குழந்தை மணமும் கைம்மையும் குடும்பக் கொடுமையும் அவர் கதைகளின் பொருள்கள். 'அநாதைப் பெண்' 1938இல் திரைப்படமாயிற்று. 'தயாநிதி' அவர் மறைவுக்குப் பின் 1966இல் 'சித்தி' என்னும் பெயரில் திரைக்கு வந்து பெருவெற்றி பெற்றது.

இதழ் அவர் கையில் இருந்ததனால், கதை இத்தனை பக்கத்தில் முடிய வேண்டும், இன்ன பொருளைத் தொடலாகாது என்று அவருக்குக் கட்டளையிட ஒருவரும் இலர். அதன் மறுபக்கமும் உண்டு. வாசகர்க்கு மாதந்தோறும் கதை தந்தாக வேண்டிய கடப்பாடு அவர் எழுத்தை விரைவுபடுத்திற்று. ஒருமுறைக்கு இருமுறை செப்பனிடும் ஓய்வு கிடைக்கவில்லை. அவர் நாவல்களில் காணப்படும் தற்செயல் திருப்பங்களையும் நீண்ட அறவுரைகளையும் குறைகூறும் திறனாய்வாளர்கள், அம்மையார் மெய்ப்புத் திருத்திக்கொண்டே அடுத்த மாதக் கதையையும் சிந்திக்க வேண்டியிருந்ததை எண்ணிப்பார்த்தல் நன்று.

1956இல் ஒரே மகனை இழந்த துயரம் அவரை வீழ்த்தியது. காசநோயுற்றுத் தாம்பரம் மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். நீர்வளூரில் தொடங்கி, நம் மாவட்டத்து மண்ணிலேயே முடிந்த வாழ்வு அது. அவருடன் அவருடைய இதழும் வரலாறாயிற்று. ஒரு தலைமுறையின் பெண்களைப் படிப்பு ஆர்வத்தில் ஆழ்த்திய அந்நாவல்கள் மறுபதிப்பின்றிக் கடைகளிலிருந்து மறைந்தன. ஆசிரியர், வெளியீட்டாளர் என்னும் இரு பொறுப்புகளும் ஒருவரிடமே இருந்தமையால், அவர் மறைந்தபோது இரண்டும் ஒருசேர நின்றுபோயின.

காஞ்சியின் வார இதழ்

1942 மார்ச்சு 8ஆம் நாள் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார் அறிஞர் அண்ணா. அரசியல் இதழ் என்றே அதனை எல்லோரும் அறிவர். அது ஒரு கதையாசிரியரின் சொந்தக் களமாகவும் இருந்தது. 'கலிங்கராணி', 'பார்வதி பி.ஏ.', 'ரங்கோன் ராதா' முதலிய தொடர்கதைகளை அவர் அவ்விதழிலேயே எழுதினார். தலையங்கம், கட்டுரை, ஓரங்க நாடகம் ஆகியவற்றோடு கதையும் வாரந்தோறும் ஒரே கையிலிருந்து வந்தது. அக்காலப் பேரிதழ்கள் தயங்கக்கூடிய பொருள்களை அவர் கதையாக்கினார். சென்னையின் பெரிய அலுவலகங்களை நம்பியிராமல், நெசவாளர் நிறைந்த ஓர் ஊரில் இருந்தபடியே தமிழகம் முழுவதும் படிக்கும் கதையை எழுதி அனுப்பலாம் என்று அவர் காட்டினார். அவர் நூல்களைக் காக்க ஒரு பேரியக்கமே பின்னின்றது. ஆகவே அவை மறையவில்லை.

மாமல்லைக் கடற்கரை

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி இம்மாவட்டத்தார் அல்லர். ஆயினும் மாமல்லைக் கடற்கரையைத் தமிழ்க் கதையுலகில் நிலைநிறுத்தியவர் அவரே. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஒரு பொழுதில், பல்லவர் காலத்துச் சிற்பிகளும் நடனமாதரும் தம் மனக்கண்முன் தோன்றியதாக அவரே 'சிவகாமியின் சபதம்' முன்னுரையில் கூறியுள்ளார். அக்காட்சி நூலாக மலரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அப்பன்னிரண்டு ஆண்டுகளின் இடையில் அவருடைய வாழ்வில் ஒரு பெருமாற்றம் நேர்ந்தது. 'ஆனந்த விகட'னை விட்டு வெளியேறிய கல்கி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டில் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கான முதலுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' திரைப்படத்தில் நாரதராக நடித்தார் என்பது நாடறிந்த செய்தி. தம் இதழ் என்ற உரிமை கிடைத்த பின்னரே 'பார்த்திபன் கனவு' 1941 முதலும், 'சிவகாமியின் சபதம்' 1944 முதலும் வெளிவந்தன. ஆயனச் சிற்பியும் மகேந்திர பல்லவரும் வாரந்தோறும் தடையின்றி உலவுவதற்கு ஒரு பாடகியின் உழைப்பும் ஒரு நண்பரின் நிருவாகமும் வேண்டியிருந்தன. தனித்து நின்ற கோதைநாயகி அம்மையாருக்கும் கல்கிக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

தோளில் சுமந்தவர்கள்

இத்தகைய துணை வாய்க்காதவர்களே மிகுதி. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் மயிலாப்பூரில் சொந்த அச்சகம் அமைத்து, 1924இல் 'பஞ்சாமிர்தம்' இதழைத் தொடங்கினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப்பேரவைக் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசியமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். இதழும் நெடுநாள் நிற்கவில்லை. வடக்கே பிரேம்சந்த் 1923இல் காசியில் சரஸ்வதி அச்சகத்தை நிறுவினார். அச்சகமும் 'ஹம்ஸ்' இதழும் தந்த கடனைத் தீர்க்க 1934இல் பம்பாய்த் திரையுலகுக்குச் செல்ல நேர்ந்தது. கடல்கடந்த யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்துக்கொண்டே 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, தெருத்தெருவாகத் தம் கையாலேயே விற்றார்.

சி.சு. செல்லப்பாவை நம் தலைமுறையினர் பலர் நேரில் கண்டிருக்கின்றனர். 1959 முதல் 1970 வரை 119 'எழுத்து' ஏடுகளை வெளியிட்டவர். 'எழுத்து பிரசுரம்' நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். புதுக்கவிதை எழுதும் நம் வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் அச்சுமைக்குக் கடன்பட்டவரே. முதுமையின் எல்லையில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாகப் புதினத்தைத் தாமே வெளியிட்டார். 1998இல் மறைந்தார். அந்நூலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு 2001இல் வழங்கப்பட்டது. எந்தப் பதிப்பகமும் வெளியிடாத நூல் நாட்டின் உயரிய பரிசைப் பெற்றது. பெற்றுக்கொள்ள ஆசிரியர் இல்லை.

எஞ்சியவையும் எஞ்சாதவையும்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகும். தம் நூலைத் தாமே வெளியிடுவதால் எழுத்தின் உரிமை கிடைக்கிறது. ஆனால் நூல் நிலைத்திருப்பதற்கு இரண்டாவது கை ஒன்று வேண்டும். அடிகளுக்குக் கழகமும் நூல்நிலையமும் அக்கையாயின, அண்ணாவுக்கு இயக்கம், கல்கிக்கு நிறுவனம். இம்மூவர் நூல்களும் பின்னர் நாட்டுடைமையாக்கப்பட்டன. கோதைநாயகி அம்மையாரின் நூல்களைத் தேட வேண்டியிருக்கிறது.

அவற்றைத் தேடுவதற்கேனும் வழி இருப்பது சிலருடைய உழைப்பால். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, அறிஞர்கள் குப்பையென்று ஒதுக்கிய மலிவுப் பதிப்பு நாவல்களையும் நாடக நோட்டீசுகளையும் விடாது சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் ஏடுகளும் அவர் தொகுப்பில் இருந்தன. 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அரசு தொகுத்த காலாண்டு நூற்பட்டியல்களும் உள்ளன. நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றை அவை காட்டும். பட்டியலில் பெயர் மட்டும் நின்று, நூல் கண்ணுக்கு அகப்படாத கதைகள் பல.

இன்று ஈய எழுத்தும் பாரமும் போய்விட்டன. ஐம்பது படி வேண்டுமெனினும் அச்சிட்டுத் தருகிறார்கள். அச்சிடுதல் எளிதானதால் மறைதலும் எளிதாயிற்று. ஐம்பது படியும் உறவினர்க்கும் நண்பர்க்கும் போன பின், அந்நூல் உலகில் எங்கே இருக்கிறது? 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், கல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட பிற உரிமை நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். தாமே வெளியிடுவோர் பலர் இதனைச் செய்வதில்லை. அனுப்புசெலவுக்கு அஞ்சுவோர் சிலர். தம் நூலுக்கு அத்தகுதி உண்டா என்று கூசுவோர் பலர். அக்கூச்சமே நூலுக்குப் பகை. தகுதியைப் பிற்காலம் அறியும். அறிவதற்கு ஒரு படியேனும் அதன் கைக்கு எட்ட வேண்டும்.

ஆகவே பத்தாம் ஆண்டில் நம் வட்டம் இரு பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, உறுப்பினர் ஒருவர் தம் கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் அதனை வேறிருவர் படித்துத் திருத்துதல். பட்டம்மாள் என்ற தோழி இல்லையேல் 'இந்திர மோகனா' இல்லை என்பதை நாம் அறிவோம். இரண்டாவது, செங்கை மண்ணில் தம் கைப்பணத்தில் நூல் வெளியிட்டவர் எவராயினும், அந்நூலில் இரு படிகளைப் பெற்று, அச்சிட்ட இடம், ஆண்டு, படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துப் பாதுகாத்தல். உரிமை நூலகங்களுக்குப் படி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தல். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் பொறுப்பேற்கும் இருவரும் போதும். நீர்வளூர் அம்மையாரின் நாவல்களில் எவையேனும் நம் ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுப்பதிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக.